மிஸ் ஐரீன் காட்டிய இடம்

1

முதலில் ஓர் அசிங்கத்தை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். சிங்காநல்லூரில் அக்கா மகள் கல்யாணத்தின்போது மண்டபத்து வாசலில் வைத்த பேனரில், என் போட்டோவுக்குக் கீழே 'துணை கவர்னர்' என்று அடித்திருந்தார்கள். நான் துணை கவர்னர் இல்லை. ஒரு சின்னத் தீவில், துணை கவர்னர் ஆபீஸில் கடிதம் எழுதுகிற ஆள். துணை கவர்னருக்கும் எனக்கும் நடுவில் ஒரு செயலாளரும் ஒரு ஜெராக்ஸ் மெஷினும் உண்டு. மெஷின் என்னைவிட சீனியர்.

பேனரை அடித்தது மச்சான். 'ஆபீஸ்' என்கிற சொல்லுக்கு இடம் பத்தவில்லை என்றார். மாப்பிள்ளை வீட்டார் கை கொடுத்தபோது நான் திருத்தியிருக்கலாம். நான் என்ன செய்தேன் என்றால், பேனர் பக்கத்தில் நின்று ஒரு செல்ஃபி எடுத்து வாட்ஸப்பில் ஸ்டேட்டஸ் வைத்தேன். ஐம்பத்திரண்டு வயதில்.

அடுத்த வருடமே, சோமனூர்க்காரர் ஒருவருடைய உடலை அவர் சனத்தின் முறைப்படி வழியனுப்பி வைக்கிற பொறுப்பு என் கைக்கு வந்தது. அதை நான் எப்படிச் செய்தேன் என்பதை இதுவரை அக்காவிடம்கூட முழுதாகச் சொன்னதில்லை. இன்று காலை எங்கள் கவர்னர் வருடாந்திர லீவில் விமானம் ஏறினார். இந்த நாள் வந்தாலே எனக்கு அது ஞாபகம் வந்துவிடும். அதனால் எழுதிவிடுகிறேன்.

2

தீவின் பெயர் வேண்டாம். சொன்னாலும் மேப்பில் தேடவேண்டும். அதன் மேல் ஈ உட்கார்ந்தால் கவர்னர் மாளிகையோடு மறைந்துவிடும். ஒரு பெரிய நாட்டின் கொடிக்குக் கீழே இருக்கிறது. கவர்னர் அந்த நாட்டிலிருந்து வருவார், மூன்று நான்கு வருடம் வெயிலில் சிவந்துவிட்டுத் திரும்பிப் போவார். துணை கவர்னர் மட்டும் உள்ளூர் ஆள். எங்கள் துணை கவர்னர் மிஸ் ஐரீன். பேரன் எடுத்தவர்தான், ஆனாலும் இங்கே மரியாதைக்குரிய பெண்களைப் பெயரோடு மிஸ் சேர்த்துத்தான் கூப்பிடுவார்கள். முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுத்தவர். தீவில் பாதிப் பேர் அவரிடம் காது திருகப்பட்டவர்கள்.

கவர்னர் தீவில் இருக்கும்வரை துணை கவர்னருக்குச் சில்லறை வேலைகள்தான். பாஸ்போர்ட், அரசு ஊழியர் லீவு, புயல் எச்சரிக்கை, பிணத்தைக் கொண்டுபோக, அடக்கம் செய்ய அனுமதி. கவர்னரின் விமானம் தரையை விட்டுக் கிளம்பிவிட்டால் அத்தனை அதிகாரமும் மிஸ் ஐரீன் மேஜைக்கு வந்துவிடும். நிஜமாகவே அந்த நிமிடத்தில். டிரைவர் ஏர்போர்ட் வேலியோரம் நின்று பார்த்து, சக்கரம் மேலே போய்விட்டது என்று எனக்குப் போன் செய்வார். நான் எழுந்து போய் மிஸ் ஐரீன் அறைக்கதவுப் பலகையில் 'துணை' என்கிற பித்தளைத் துண்டை உருவிவிட்டு 'பொறுப்பு' என்கிற துண்டைச் செருகுவேன். அரசியல் சாசனம் எனக்குக் கொடுத்திருக்கும் வேலை அவ்வளவுதான்.

சிங்காநல்லூர் மில்லில் ஸ்டோர் கீப்பராக இருந்தவன், மில் மூடியதும் துபாய் போய், அங்கிருந்து ஓட்டல் ஸ்டோர் வேலைக்கு இந்தத் தீவுக்கு வந்து, இங்கிலீஷ் எழுதத் தெரியும் என்று நம்ப வைத்து அரசாங்கத்துக்குள் நுழைந்தேன். எதற்கும் ஒரு 'ங்க' போட்டுப் பழகிய நாக்கு. இங்கிலீஷில் அதைப் போட இடமில்லாததால் வரிக்கு ஒரு ப்ளீஸ் போட்டுவிடுவேன். விசா முடிந்தும் தங்கியிருந்த ஒருவரைத் தீவை விட்டு வெளியேறச் சொல்லும் கடிதத்தில் நான்கு ப்ளீஸ். வாங்கின ஆள் நன்றி சொல்ல நேரிலேயே வந்துவிட்டார். மிஸ் ஐரீன் அந்தக் கடிதத்தைச் சிவப்பு மையில் திருத்தி, பத்துக்கு மூன்று மார்க் போட்டுக் கொடுத்தார்.

3

கதிர்வேல் ஒரு ஓட்டலின் லாண்டரியில் மெஷின் மெக்கானிக். சோமனூர்க்காரர், முப்பத்தாறு வயது. ஊரில் அப்பாவும் மனைவியும். தீவில் எங்கள் குடும்பத்தை விட்டால் கோயமுத்தூர்ப் பக்கத்து ஆள் அவர் ஒருவர்தான். ஞாயிற்றுக்கிழமை மதியம் என் மனைவி செய்யும் அரிசிம்பருப்புச் சாதத்துக்கு ஆஜராகிவிடுவார். சாப்பிட்ட பிறகு வீட்டுக்குப் போன் போட்டால் கன்னடம் கலந்து ஏதோ பேசுவார். அது என்ன பாஷை என்று என் மகள் தாரணி கேட்டதற்கு, ஊட்டுப் பாஷை கண்ணு என்றார். அதற்கு மேல் நான் எதுவும் கேட்டுக்கொள்ளவில்லை.

என் ஸ்டேட்டஸை முதலில் பார்த்தவரும் அவர்தான். அதற்குப் பிறகு வாசலில் செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்துவிடுவார்.

"ஏனுங்க கவுனரு, இன்னைக்கு எந்த நாட்டு மேலங்க படையெடுப்பு?"

ஒரு ஞாயிற்றுக்கிழமை மோர் ஊற்றிக்கொண்டே சொன்னார்: "எங்கப்பங்கிட்டச் சொல்லிப்போட்டனுங்க. இங்க நம்ம சிங்காநல்லூர்க்காரர்தான் துணைக் கவுனரு, ஒண்ணும் பயமில்லைன்னு. அப்பறந்தான் மனுசன் நிம்மதியாத் தூங்கறாரு."

அது பொய் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ரெண்டு பேரும் சிரித்தோம். சோமனூரில் ஒருவர் மட்டும் சிரிக்கவில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை, துணி உலர்த்தும் மெஷின் பக்கத்தில் இருந்த ஸ்டூலில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவே இல்லை. மாரடைப்பு. சுவரில் சாய்ந்தபடி, கையில் ஸ்பானரோடு இருந்தார். தூங்குகிறார் என்று நினைத்து அரை மணி நேரம் எல்லோரும் மெதுவாகப் பேசியிருக்கிறார்கள்.

உடலை ஊருக்கு அனுப்ப முடியவில்லை. பதப்படுத்தியதற்கான சான்றிதழ் இல்லாமல் விமானத்தில் ஏற்றமாட்டார்கள். அந்த வேலை தெரிந்த ஒரே ஆளும் ரிட்டையராகித் தீவை விட்டே போயிருந்தார். கதிர்வேலின் அப்பா ரங்கசாமிக்கு நான்தான் போன் செய்து விவரம் சொன்னேன். நீங்க இருக்கறீங்கன்னு தைரியமா இருந்தமுங்க என்றார். அழ ஆரம்பித்தார். லைன் கட்டாகிவிட்டது. நான் திரும்பப் போடவில்லை. அழுகிறவரைத் தொந்தரவு செய்யக்கூடாது என்று எனக்கு நானே நாகரிகம் கற்பித்துக்கொண்டேன்.

4

அன்று சாயங்காலமே மிஸ் ஐரீன் தன் காரில் என்னை ஏற்றிக்கொண்டு பொது மயானத்துக்குப் போனார். கடலைப் பார்த்த மேடு, ஓரமாக ஒரு வாதாம் மரம். அதன் நிழலில் நின்று காலால் மண்ணைத் தட்டிக் காட்டினார்.

"இந்த இடம் நன்றாக இருக்கும். எந்தச் சர்ச் என்று இங்கே யாரும் கேட்கமாட்டார்கள். நாளை மதியம் குழி தயாராகிவிடும். ஆனால் அவருடைய ஜனங்கள் என்ன செய்வார்கள்?"

"எரிப்போம்" என்றேன்.

"அப்பாவைக் கேட்டீர்களா?"

"கேட்க வேண்டியதே இல்லை மிஸ் ஐரீன். நானும் அந்த ஊர்தான்."

அதை எவ்வளவு உறுதியாகச் சொன்னேன் என்று நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது. என் தாத்தாவை எரித்தோம், அப்பாவை எரித்தோம், ஆகவே சூரியன் கிழக்கே உதிக்கிறது என்கிற மாதிரி சொன்னேன்.

தீவில் அதுவரை யாரையும் எரித்ததில்லை. அதற்குச் சட்டமும் இல்லை, தடையும் இல்லை. கவர்னரைக் கேட்டால், மேலிடத்துக்கு எழுதிப் பதில் வாங்கவேண்டும், சில மாதம் ஆகலாம் என்றார். ஆஸ்பத்திரிக் குளிரறையில் மொத்தம் நான்கு தட்டு. ஒன்றில் கதிர்வேல்.

இங்கேதான் எனக்குள் இருந்த பழைய கோயமுத்தூர்க்காரன் விழித்துக்கொண்டான். தாலுகா ஆபீஸில் எந்த ஆபீசர் எப்போது லீவு, அவர் சீட்டில் யார் உட்காருவார் என்று விசாரித்து வேலை முடித்த பரம்பரை. கவர்னர் லீவில் போக ஆறு நாள் இருந்தது. ஃபைலை என் டிராயரில் போட்டுப் பூட்டினேன். ஆறு நாளும் ஒன்றும் தெரியாதவன் மாதிரி டீ குடித்தேன். ஏழாம் நாள் காலை டிரைவர் போன் செய்தார். பித்தளைத் துண்டை மாற்றிவிட்டு, அதே கையோடு ஃபைலை மிஸ் ஐரீன் முன்னால் வைத்தேன்.

அவர் வெகுநேரம் படித்தார். அப்பாவின் சம்மதம் எழுத்தில் வேண்டும் என்றார். கேட்கச் சொல்லி எனக்குக் கிடைத்த இரண்டாவது வாய்ப்பு அது. நான் கேட்கவில்லை. கடிதம் அடித்தேன். மேலே துணை கவர்னர் அலுவலகத்து முத்திரை, கீழே என் கையெழுத்து. 'துணை கவர்னருக்காக' என்பதில் 'காக' மட்டும் எறும்பு சைசில். உடலை எரியூட்ட இந்த அரசு தீர்மானித்திருக்கிறது, கீழே ஒப்பமிடவும் என்று நல்ல இங்கிலீஷில் எழுதினேன். ஒரு ப்ளீஸ்கூட இல்லை. என் வாழ்க்கையிலேயே ப்ளீஸ் இல்லாமல் எழுதிய கடிதம் அது ஒன்றுதான். கதிர்வேலைத் தீவு வேலைக்கு அனுப்பிவைத்த ஏஜென்ட் அதைச் சோமனூருக்கு எடுத்துப் போய், மறுநாளே தமிழில் கோணல்மாணலாக ஒரு கையெழுத்தோடு திருப்பி அனுப்பினார். மிஸ் ஐரீன் கையெழுத்துப் போட்டார்.

கடற்கரையில் போன புயலில் விழுந்த மரங்களை அடுக்கினோம். தீயணைப்பு வண்டி வந்து நின்றது. எதிர்பார்க்கவே இல்லை, தீவுக்காரர்கள் அறுபது எழுபது பேர் சர்ச்சுக்குப் போகிற உடுப்பில் வந்து நின்றார்கள், மெதுவாகப் பாடினார்கள். மண் சட்டி கிடைக்காததால் ஹார்டுவேர் கடைப் பூந்தொட்டியில் தண்ணீர் எடுத்தேன். அதன் அடியில் ஓட்டை ரெடிமேடாக இருந்தது. முதல் சுற்று முடிவதற்குள் தண்ணீர் முழுக்க என் பேண்ட்டில். கொள்ளி வைத்ததும் நான்தான். ஊரில் அவர் அப்பா பார்க்கட்டும் என்று தாரணியை வீடியோ எடுக்கச் சொல்லி அன்றைக்கே அனுப்பினேன். சாம்பலை வீட்டு எவர்சில்வர் சட்டியில் போட்டுக் கட்டி, இந்தியாவுக்குப் போகிற ஒருவர் மூலம் பத்து நாளில் சேர்ப்பித்தேன்.

கவர்னரின் அந்த ஒன்பது நாள் லீவில் தீவை ஆண்டது மிஸ் ஐரீன் இல்லை, நான்தான் என்று மனைவியிடம் பீற்றிக்கொண்டேன். அவள், சரி, பேண்ட்டை ஊறப் போடுங்க என்றாள்.

5

தாரணி இந்தத் தீவில் பிறந்தவள். அவள் தமிழ், டப்பிங் படத்துத் தமிழ் மாதிரி வாயசைவுக்கு ஒட்டாமல் வரும். எரித்து ஒரு வாரம் கழித்து, பள்ளிக்கூடத்துக்குப் போகிற வழியில் காரில் கேட்டாள்.

"அப்பா, நீங்க செத்தா நானும் அதே மாதிரி செய்யணுமா?"

"பின்ன? நம்ம வழக்கம் அதுதானே கண்ணு."

"எனக்கு உங்க வழக்கம் தெரியாது. உங்களுக்கு என்ன வேணுமோ எழுதி வெச்சிருங்க. நான் கெஸ் பண்ண மாட்டேன்."

அவளுக்கு அப்போது பதினேழு வயது. பிள்ளைகள் எப்படி விலகிப் போகிறார்கள் பார் என்று வருத்தப்பட்டேன். என்னைவிடப் பொறுப்பாகப் பேசியிருக்கிறாள் என்று அப்போது தோன்றவில்லை.

அந்தக் கடற்கரையில் ஒரு கறுப்பு வட்டம் பல மாதம் அழியாமல் கிடந்தது. பெட்ரோல் பங்க்கில், மீன் கடையில், எரித்த மனுஷன் என்று என்னைக் காட்டுவார்கள். எனக்கு அது பட்டம் மாதிரித்தான் இருந்தது. அந்தப் பெருமை நான்கு மாதம் ஓடியது. சோமனூர் போய் வந்த பிறகு நான் அந்தப் பக்கமே போவதில்லை. ஆனால் மயானத்து மேட்டைத் தவிர்க்க முடியாது, ஆபீஸுக்கு அது ஒன்றுதான் வழி. வாதாம் மரத்தடி இன்னும் காலியாகவே இருக்கிறது. புல் முளைத்துவிட்டது. காலையில் அந்த வளைவில் திரும்பும்போது, மரத்தடியில் ஒருவர் சாய்ந்து உட்கார்ந்திருப்பது மாதிரி ஓரக்கண்ணில் தெரியும். படுத்திருப்பதாக ஒருநாளும் தெரிந்ததில்லை, உட்கார்ந்துதான். நான் திரும்பிப் பார்ப்பதில்லை. ரேடியோவைச் சத்தமாக வைத்துக்கொள்கிறேன்.

6

அந்த நான்காவது மாதம் ஊருக்குப் போனபோது, கதிர்வேலின் துணிமணிப் பெட்டியை எடுத்துக்கொண்டு சோமனூருக்குக் கிளம்பினேன். அக்கா கார் வைத்துத் தருகிறேன் என்றாள். துணை கவர்னர் பஸ்ஸில் வந்தார் என்று பேசட்டுமே என்கிற நப்பாசையில் சிங்காநல்லூரில் பஸ் ஏறினேன். முக்கால் மணி நேரம்கூட ஆகவில்லை. அவ்வளவுதான் தூரம்.

அவர் வீட்டு வாசலுக்குள் கால் வைத்ததும் உள்ளே ஓடிக்கொண்டிருந்த தறிகளை நிறுத்திவிட்டார்கள். திடீரென்று வந்த அந்த அமைதியில் பக்கத்து வீட்டுக்காரர்களும் வந்து எட்டிப் பார்த்தார்கள். ரங்கசாமி எழுபது வயது இருப்பார். தோள் துண்டால் பிளாஸ்டிக் சேரைத் துடைத்து, உக்காருங்கய்யா, உக்காருங்க என்றார். கதிர்வேலின் மனைவி காபி கொண்டுவந்து வைத்துவிட்டு உள்கதவருகே போய் நின்றுகொண்டார். அவர்களுக்குள் கன்னடத்தில் ஏதோ பேசிக்கொண்டார்கள், என் பக்கம் திரும்பினால் தமிழ்.

காபி குடித்ததும், வாங்க, அவன் இருக்கற எடத்தப் பாத்துட்டு வந்தரலாம் என்று ரங்கசாமி எழுந்தார். சாம்பலைப் பவானியிலோ பேரூரிலோ கரைத்திருப்பார்கள் என்று நினைத்திருந்தேன். அவர் கூட்டிப் போனது ஊர் ஓரத்தில் வேலி போட்ட ஒரு காட்டுக்கு. வரிசையாக மண் மேடுகள். கடைசியில் ஒன்று, இன்னும் பச்சை மண்ணாக.

"எங்க சனத்து எடமுங்க இது" என்றார். "நாங்க எரிக்கறதில்லீங்க. பொதைக்கறதுதான். அதுவும் படுக்க வெக்க மாட்டமுங்க. குழிக்குள்ள பக்கவாட்டுல மாடமாட்ட ஒரு பொறை வெட்டி, அதுல உக்கார வெச்சுத்தான் மண்ணுத் தள்ளுவோம். இவனுக்குஞ் சட்டிய வெச்சு அப்பிடியே செஞ்சமுங்க. சட்டிய எப்பிடிங்க உக்கார வெக்கறது? என்னமோ, வெச்சம்."

குற்றம் சொல்கிற குரல் இல்லை. விருந்தாளிக்கு ஊரைச் சுற்றிக் காட்டுகிற குரல். எனக்கு ஸ்டூலில் சாய்ந்து உட்கார்ந்திருந்த கதிர்வேல் கண்ணில் வந்தார். என் காதுக்குள் ஒரு மெஷின் ஓட ஆரம்பித்தது.

ஏனுங்க, என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதுங்களா என்று கேட்டேன். கேட்கும்போதே என் குரல் எனக்கே அருவருப்பாக இருந்தது.

"கவுருமெண்டுக் காயிதம் வந்துச்சுங்க. முத்திரை, உங்க கையெழுத்து எல்லாம் இருந்துச்சு. அந்த ஊருச் சட்டம் அப்பிடியாட்ட இருக்குதுன்னு நெனச்சமுங்க. கவுனரே எழுதினதுக்கப்பறம் நாம என்னங்க சொல்றது?"

வீட்டுக்குத் திரும்பி வந்தோம். விடைபெறலாம் என்று எழுந்தபோது, அதுவரை என்னிடம் ஒரு வார்த்தை பேசாத கதிர்வேலின் மனைவி கதவருகிலிருந்து கேட்டார்.

"ஏனுங்க, அங்க பொதைக்கறதுக்கு எடமே இல்லைங்களா?"

தறிகள் இன்னும் நின்றுதான் இருந்தன. அந்தக் கேள்வியை அவர் நான்கு மாதமாக வைத்திருந்திருக்கிறார். ஆமாங்க, எடமில்லீங்க என்கிற ரெண்டே வார்த்தையில் முடிந்திருக்கும். ஆனால் எனக்கு எல்லாவற்றையும் இறக்கி வைத்தால் போதும் என்று இருந்தது.

"இருந்துதுங்க" என்றேன். "கடலைப் பாத்த மாதிரி, மரத்தடியில நல்ல எடம். மறுநாளே குழி வெட்டித் தாரேன்னு எங்க துணை கவர்னர் அம்மா கூட்டிட்டுப் போய்க் காட்டினாங்க. அப்பாவைக் கேட்டியான்னும் கேட்டாங்க. நாந்தான் எரிக்கறதுதான் வழக்கம்னு சொல்லிப்போட்டேன். அந்தக் காயிதம் சட்டமில்லீங்க, நானா எழுதினது. நான் கவர்னரும் இல்லீங்க. அவுங்க ஆபீஸ்ல கிளார்க்கு."

எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். ஒரு நிமிடம், அந்த ஒரு நிமிடம் மட்டும், எனக்கு லேசாகக்கூட இருந்தது. அந்தப் பெண் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். சற்று நேரத்தில் கதவுக்குப் பின்னால் அழுகை கேட்டது. புதிதாகச் செத்தவருக்கு அழுகிற அழுகை.

ரங்கசாமி என்னுடன் பஸ் ஸ்டாப் வரைக்கும் நடந்து வந்தார். வேண்டாங்க என்றேன், ஊட்டுக்கு வந்த ஒறம்பரையத் தனியா அனுப்பறதாங்க என்றார். அவ்வளவு நடந்த பிறகும். வழியில் மழையைப் பற்றிப் பேசினார், கரண்ட் கட் பற்றிப் பேசினார். கூட்டமாக வந்த பஸ்ஸில் ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு எனக்கு சீட் பிடித்தார். நான் ஏறி உட்கார்ந்து துண்டை வெளியே நீட்டினேன். வாங்கி உதறித் தோளில் போட்டுக்கொண்டு, ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி என்னைப் பார்த்தார். முதல் தடவையாக ஐயா போய்த் தம்பி வந்திருந்தது.

"தம்பி, எடம் இல்லைன்னு ஒரு பொய்யச் சொல்லிப்போட்டுப் போயிருக்கலாமுங்க நீங்க."